நைனாவின் இங்கிலீஷ் நோட்டு

அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்ட அண்ணன், தன் வெள்ளைக்கார மனைவியோடு முதல்முறையாக ஆந்திராவிலிருக்கும் எங்கள் புத்தூருக்கு வருகிறான் என்றதும் நைனா, அதாவது எங்கள் அப்பா, என்னிடம் இங்கிலீஷ் கற்க உட்கார்ந்தார். "பள்ளிக்கூட இங்கிலீஷ் வோணாம்மா. அந்தப் பொண்ணு வீட்ல இன்னா பேசுமோ அத்த சொல்லு" என்றார். வெளிநாட்டுக்காரர்களோடு நாளெல்லாம் போனில் பேசுவதுதான் என் வேலை. கொச்சை வார்த்தைக்கா பஞ்சம்?

ஆனால் இந்த மனுஷனோடு மாரடிக்க முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் எங்கே பிறந்தது என்று தெரிந்தாக வேண்டும். 'கூல்' ஜாஸ் வாசித்த கறுப்பினக் கலைஞர்களால் பரவியது, 'மை பேட்' தெருவில் கூடைப்பந்து ஆடியவர்களுடையது, 'ட்யூட்' ஒருகாலத்தில் மினுக்கித் திரிந்தவர்களைக் கேலி செய்தது என்று தேடித் தேடிச் சொன்னேன். தெலுங்கு மீடியத்தில் படித்தவர், எல்லாவற்றையும் தெலுங்கு எழுத்தில் நோட்டில் ஏற்றிக்கொண்டார்.

ரேணிகுண்டாவில் அண்ணி விமானத்தை விட்டு இறங்கினாள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகளிடம் நேராகப் பேசுவதில்லை. இத்தனை நாள் படித்த இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை, பாருங்கள்! "துன்னுச்சான்னு கேளு", "வெயில்ல நிக்க வோணாம்னு சொல்லு" என்று எல்லாம் என்னைப் பார்த்தே சொன்னார்.

மூன்றாம் நாள் காலை அண்ணி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "உங்கள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. நாங்கள் பெங்களூர் போகிறோம்" என்றாள் இங்கிலீஷில். அது எங்கள் வழக்கம் என்று அண்ணன் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தேன். அந்த எழுத்து அவளுக்குத் தெரியாதே; நானே படித்து அர்த்தம் சொன்னேன். 'மை பேட். நாம தப்பு பண்ணா மருமகளாண்ட சொல்றது.' 'நோ வரீஸ். ஆஸ்திரேலியாவுது. மருமக பயந்தா சொல்றது.' பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே நைனா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "நைனா, அண்ணி ஊருக்குக் கெளம்புது!" என்று உள்ளிருந்தே கத்தினேன். அவர் என்னைத் தேடினார். நான் வேண்டுமென்றே வெளியே போகவில்லை.

கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "போவாதம்மா."

மொழிபெயர்க்க யாரும் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி கடலையைக் கையில் எடுத்தாள். நான் அறைக்குள் போய் அவள் பெட்டியைப் பிரித்தேன்.