வெர்னா நிறுத்திய ரயில்

பொம்மை ரயில் ஓட்டுகிற எங்கள் கிரைடர்ஸ்வில் ஊர் கிளப்புக்கு வெர்னா ஸ்டால்நெக்கர் முதன்முதலில் வந்தது குற்றம் சொல்லத்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. மற்ற நேரத்தில் ஊர் ஆம்புலன்ஸைச் சம்பளமில்லாமல் ஓட்டுவாள். டிசம்பரில் நாங்கள் ஊருக்குக் கதவைத் திறந்துவிடுகிற அன்று, எல்லோரையும்போல ஏழைகளுக்கான உணவு டப்பா ஒன்றை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் ரயில்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மில் மேட்டுல குழி எங்க? என் இடுப்பு தினமும் அங்கதான் ஒடியுது. உங்க ரோடு என்னடான்னா வழவழன்னு இருக்கு!"

லூதரன் சர்ச்சின் அடித்தளத்தில் எங்கள் ஊரையே எண்பத்தேழில் ஒரு பங்காக, அங்குலம் பிசகாமல் கட்டியிருக்கிறோம் என்று பீற்றிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் குழியை வெட்டும் வேலையை அவள் தலையிலேயே கட்டினோம். ஆறு வருஷமாக எங்கள் சாலைகளெல்லாம் அவள் பொறுப்பு. நான் அங்கே பொம்மை மரம் ஒட்டுகிறவன். வெளியே பிளம்பர் வேலை.

போன பிப்ரவரியில் என் மச்சான் ரோலினுக்குப் பக்கவாதம் வந்தது. ஊரை இரண்டாகப் பிளக்கிற தண்டவாளத்துக்குத் தெற்கே அவன் வீடு. ஆம்புலன்ஸோ வடக்கே. அன்றைக்குப் பார்த்து ஒரு சரக்கு ரயில் ஊருக்கு நடுவில் படுத்துக்கொண்டது. இரண்டு கிலோமீட்டர் நீளம். மூன்று ரயில்வே கேட்டும் ஒரே சமயத்தில் அடைத்துக்கொண்டன. சைரனை அலறவிட்டபடி வெர்னா கேட்டில் இருபத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ரோலின் பிழைத்தான். ஆனால் இடது கை போச்சு, பேச்சு பாதி போச்சு.

ஊரில் இருக்கும் இரண்டு ஆம்புலன்ஸில் ஒன்றைத் தெற்கே, சும்மா கிடக்கிற பழைய தீயணைப்புக் கொட்டகையில் நிறுத்துங்கள் என்று வெர்னா நகரமன்றத்தில் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். உறுப்பினர் டேல் ஃபென்ஸ்டர்மேக்கர் சொன்னதை அவளே வந்து கிளப்பில் சொன்னாள்.

"'மூணு கேட் இருக்கே, ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு. உங்க கிளப்புலயே பார்த்திருக்கேன், ரயில் பத்து செகண்டுல போயிடுது'ன்றாரு மனுஷன். நம்ம ரயிலுக்குப் பன்னிரண்டு பெட்டி. நிஜத்துல நூத்திப்பத்து. வருஷா வருஷம் ஊருக்குப் பொய்யைக் காட்டிட்டிருக்கோம். இந்த டிசம்பர்ல நூத்திப்பத்து ஓட்டணும்."

நூற்றுப்பத்துக்கு எங்கே போவது? எல்லோர் வீட்டுப் பெட்டிகளையும் கொண்டுவந்து கொட்டினால்தான் உண்டு. அங்கேதான் எங்கள் தலைவர் எல்வுட் கிராட்ஸர் குறுக்கே நின்றார். நாங்கள் கட்டிய குட்டி ஊரில் ரயில்களுக்குக் காலம் 1957 அக்டோபரோடு நிற்கிறது. அதற்குப் பின்னால் வந்த ஒரு பெட்டியின் நிழல்கூட அவருடைய தண்டவாளத்தில் விழக் கூடாது.

"கன்டெய்னர் பெட்டியா? என் பொணத்து மேலதான் ஓடும்."

"நல்லா சொன்ன எல்வுட். அம்பத்தேழுல இங்க ஆம்புலன்ஸே கிடையாது. பொணம் தூக்கற வண்டியிலதான் நோயாளியை ஏத்துனாங்க. உனக்கு நெஞ்சு வலிச்சா அதையே அனுப்பவா?" என்றாள் வெர்னா.

எல்வுட் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளப் உடைந்தது என்றே நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்து செருப்புப் பெட்டிகளோடு வந்தார். திறந்தால் உள்ளே நாற்பது கன்டெய்னர் பெட்டிகள், எல்லாம் இந்தக் காலத்து ரகம்!

"அடப்பாவி, இத்தனை வருஷமா ஒளிச்சா வச்சிருந்த?" என்றேன்.

"வீட்டுல தனியா ஓட்டுவேன். வெளிய சொன்ன, தொலைச்சிடுவேன்."

மீதியை நாங்கள் சேர்த்தோம். என் பங்கு, கலைமான் படம் போட்ட கிறிஸ்துமஸ் பெட்டிகள் ஏழு. லேசான பெட்டிகள் வளைவில் கவிழ்ந்து கவிழ்ந்து உயிரை வாங்கின. ஒவ்வொன்றிலும் ஈயத் துண்டு ஒட்டி, மூன்று என்ஜின் மாட்டி, நவம்பர் கடைசியில் ஒருவழியாக ஓடியது.

திறப்பு நாளில் மன்ற உறுப்பினர்கள் ஆறு பேரும் வந்தார்கள். ரயில் நான்கு சுவரையும் சுற்றிவர, பிள்ளைகள் கத்தி எண்ணினார்கள். மூன்று கேட்டையும் அது மறித்ததும் வெர்னா கையைத் தூக்கினாள். எல்வுட் நிறுத்தினார். நடுக் கேட்டின் முன்னால் ஒரு பொம்மை ஆம்புலன்ஸை வைத்துவிட்டு, அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு நிமிஷம். யாரும் தொடக் கூடாது."

எங்கள் கிளப்பில் ரயில் நின்றால் அடுத்த நொடி ஒரு கை இறங்கித் தட்டிவிடும். சும்மா இருப்பது எங்களுக்குச் சித்திரவதை. ஐந்தாவது நிமிஷம் பிள்ளைகள் பிஸ்கட் தேடிப் போனார்கள். ஒன்பதாவதில் பேச்சு நின்றது. ஃபென்ஸ்டர்மேக்கர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினார்.

"புரிஞ்சுது வெர்னா. எடுத்துடலாமே."

"அன்னிக்கு யாரும் எடுக்கல டேல்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "இப்ப எத்தனையாவது நிமிஷம்?"

"பதினாலு."

மூலையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மச்சான் ரோலின் வாயைக் கோணிக்கோணி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னான்:

"அப்போ... எனக்கு... பேச்சு... நல்லாவே... வந்துச்சு."

மிச்ச எட்டு நிமிஷமும் ஒருத்தரும் அசையவில்லை. நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

ஜனவரியில் ஓட்டெடுப்பு. ஐந்துக்கு ஒன்று. எதிர்த்தவர் ஃபென்ஸ்டர்மேக்கர் இல்லை. ஒரு ஆம்புலன்ஸ் தெற்கே போயிற்று, அதை ஓட்ட வெர்னாவும். மார்ச்சில் ஒரு மத்தியானம் மறுபடி ரயில் வந்து ஊரை மறித்துப் படுத்தது. தெற்கே ஒரு பெண்ணுக்கு மூச்சுத் திணறல். நாலாவது நிமிஷம் வெர்னா அவள் வீட்டு வாசலில் இருந்தாள்.

"அன்னிக்கு ரயில் எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று பிறகு கேட்டேன்.

"ரயிலா?" என்றாள். "நின்னுச்சா என்ன?"