அண்ணன் காரின் நம்பர் பிளேட்

பிளேட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில் ஒரே ஒருமுறை ஏறி, விழுந்து, இது நமக்கு ஒத்துவராது என்று இறங்கிவிட்டவர். ஆனால் அவருடைய சலூனில் சுவரே தெரியாத அளவுக்குப் பழைய நம்பர் பிளேட்டுகள். கையால் எழுதியவை, துருப்பிடித்தவை, எதிலோ மோதி நடுவில் மடிந்தவை. பள்ளிக்கூடம் போகிற வயதில் சாக்கடையோரம் கிடந்த ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தாராம். வீட்டில் அடி விழுந்தது சட்டைக்காகத்தான்.

கல்யாணமான புதிதில் மனைவி, "இதையெல்லாம் வச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பாப்பேன்."

அந்த அம்மாள் அதை ஒரு பதிலாகவே ஏற்றுக்கொண்டார். கட்டிலுக்கு மேல் மட்டும் மாட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டார்.

ஒருமுறை வண்டித் திருட்டு ஒன்றை விசாரிக்கப் போலீஸ் வந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனது. அத்தனையும் உடைத்துப் போட்ட வண்டிகளின் நம்பர்கள் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு பொழுதுபோக்கே கிடைக்கவில்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இவர் புதிதாக விழுந்திருந்த கீறல்களைக் காட்டி, அதற்கு ஒரு புகார் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இவருக்கு ஓர் அண்ணன், இரண்டு தெரு தள்ளி. அண்ணன் முதன்முதலாகக் கார் வாங்கிய அன்று குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனார். தம்பியை மட்டும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தம்பி வைத்துக்கொண்டார். இறங்கியதும் செருப்பை மாட்டினார், அண்ணனிடம் பேசுவதை நிறுத்தினார். அண்ணனும் இறங்கி வரவில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மனைவிமார் வழியாகப் போயிற்று. இப்படியே பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன.

அந்தக் கார் ஒருநாள் பழைய இரும்புக் கடைக்கு வந்தது. கடைக்காரர் வழக்கம்போல் இவருக்குச் சொல்லியனுப்பினார். போன இவர் நம்பரைப் பார்த்தார். ஸ்குரூடிரைவரை வாங்கித் தானே பிளேட்டைக் கழற்றினார். அன்று சலூன் திறக்கவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டில் சொல்லிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம், அண்ணனுக்கு வழக்கமாக முடிவெட்டுகிறவர் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார். ஒரு காலை அண்ணன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி துணியைப் போர்த்திப் பிடரியில் முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார். பின்சுவர் பிளேட்டுகள் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்தன. அண்ணன் அதில் ஒன்றை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்.

"அது என் வண்டியோடதுதானே?"

"ஆமாண்ணா."

"கோணலா மாட்டியிருக்க."

"அந்த இடத்துல ஆணி இறங்கல."

"எனக்குக் குடுத்துடேன்."

"குடுக்க மாட்டேன். பாக்கணும்னா இங்க வா."

அண்ணன் ஏதோ சொல்லத் திரும்பினார். தம்பி இரண்டு விரலால் தாடையைப் பிடித்து நேராக்கினார். சவரக்கத்தி காதோரம் இருந்ததால் மேற்கொண்டு வாக்குவாதம் நடக்கவில்லை.

அதிலிருந்து அண்ணன் மாதம் தவறாமல் வருகிறார். பேச்சு அதிகமில்லை, விசிறி சத்தம் போடுகிறது, தண்ணீர் சூடு பத்தவில்லை, இந்த அளவில்தான்.

"உங்கண்ணன் தலையில இருக்கறதே நாலு முடி," என்றார் மனைவி ஒருநாள். "மாசாமாசம் எதை வெட்டிக்க வர்றாரு?"

"மீசைய," என்றார் பிளேட்டுக்காரர், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.