பீலிக்கு மேலே ஒரு கண்காட்சி

பிரியந்தியிடம் கூடாரம் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். போன பொருள் திரும்பி வந்தே ஆக வேண்டும். ஒரு கயிறு குறைந்தாலும் கல்யாண வீட்டு வாசலில் போய் நிற்பாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்புகிற நேரமாக இருந்தாலும், "நல்லா இருங்க ரெண்டு பேரும். அந்த நீலக் கயித்தக் கண்டீங்களா?" என்று மணமக்களிடமே கேட்டு வைப்பாள். கொட்டகலைக் கடைத்தெருவில் அவளுக்குக் கறார்க்காரி என்று பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள்தான். கூரைக்கு விரிக்கிற இரண்டு பழைய படங்கோடு தொழிலை ஆரம்பித்து, இப்போது ஹட்டன் பக்கத்தில் எந்த விசேஷம் என்றாலும் கூடாரம், நாற்காலி, மேசை எல்லாம் அவளிடமிருந்துதான் போகிறது. ஆனால் குடியிருப்பது இன்னும் தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயத்தில்தான். குளிக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் லயத்துக்குப் பின்னால் மலை ஓடையிலிருந்து குழாய் வழியே விழுகிற அதே பீலித் தண்ணீர்தான்.

அந்த மலையின் உச்சியில் தோட்டத்து மைதானம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே தேயிலை வர்த்தகக் கண்காட்சி நடக்கும். இயந்திரம் விற்பவர்கள், பெட்டி செய்பவர்கள், வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்க வருகிறவர்கள் என்று மூன்று நாளும் திருவிழாதான். கடைக்குக் கடை தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு மடக்கு ருசி பார்த்துவிட்டுக் காகிதக் கோப்பையை எறிந்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். ஒரு மடக்குக்கு ஒரு கோப்பை! காகிதம் என்று பெயர்தானே தவிர, உள்ளே பூசியிருக்கிற பிளாஸ்டிக் மக்குவேனா என்கும்.

போன வருஷம் கூடாரம் பிரியந்தியுடையது. துப்புரவுக்கு வெளியிலிருந்து யாரோ ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். அவர் மொத்தக் குப்பையையும் மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற ஓடையில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அடுத்த பெருமழைக்கு அத்தனையும் கீழே வந்தது. பீலி அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுத்தால் கோப்பை கோப்பையாகக் கொட்டியது. வீரம்மா என்கிற மேட்டு லயத்துக்காரி தன் குடத்துக்குள் கையை விட்டு ஒரு கோப்பையை எடுத்து, எல்லார் முன்னாலும் பிரியந்தியின் காலடியில் போட்டாள்.

"இந்தா, ஒன் சாமான். போன பொருளு திரும்பி வரணும்னு சொல்லுவியே. வந்துருச்சு, எடுத்துக்க."

கூடாரம்தான் அவளுடையது, குப்பை அவளுடையதல்ல. பீலியடியில் நின்று அந்த நியாயத்தை யாரிடம் பேசுவது? வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்து ஒருபாட்டம் அழுதாள். அன்றிலிருந்து மற்றவர்கள் எல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் அவள் பீலிக்குப் போவாள்.

இந்த வருஷம் கண்காட்சியை நடத்துகிற நிரஞ்சன் கூடாரம் கேட்டு வந்தான். ஹட்டனில் பிறந்து கொழும்பில் வேலை பார்க்கிற பிள்ளை. பிரியந்தி நாற்காலியைக்கூட நகர்த்திப் போடவில்லை.

"கூடாரம் தர்றேன். ஆனா காயிதக் கோப்பை வந்தா என் கூடாரம் வராது. சிரிச்ச மூஞ்சி போட்ட பிளாஸ்டிக் பேனரும் வேணாம். துணியில எழுதிக்குவோம். கடைப் பலகைய ஆணி அடிக்காம நட்டு போட்டு முடுக்குவோம், கழட்டி அடுத்த வருஷத்துக்கும் வச்சுக்கலாம்."

"அதெல்லாம் சரிக்கா. அவ்வளவு பேருக்கு எதுல தேத்தண்ணி குடுப்பீங்க?"

"கோவில் தம்ளர்ல."

அவள் சொன்னதில் யோசனை இருந்தது. ஒவ்வொரு தோட்டத்து மாரியம்மன் கோவிலிலும் அன்னதானத்துக்கென்று பெட்டி பெட்டியாக எவர்சில்வர் தம்ளர் கிடக்கிறது. திருவிழா முடிந்தால் வருஷம் முழுக்கச் சும்மாதான் இருக்கும். நிரஞ்சன் தலையைச் சொறிந்தான். கடைசியில் ஒப்புக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு.

"பேப்பர் கப் ஒரு லொறி கொண்டாந்து நிப்பாட்டுவேன். முதல் நாள் காலையில ஏதாவது பிசகுச்சுன்னா அத எறக்கிருவேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"நிப்பாட்டுங்க. நின்ன மாதிரியே திரும்பிப் போகும்," என்றாள்.

கோவில் தலைவர் ஆண்டியப்பன் சந்தோஷமாகத் தம்ளர்களைக் கொடுத்தார். மற்றத் தோட்டங்களுக்கும் அவரே ஆள் அனுப்பி வாங்கித் தந்தார். வீரம்மா மட்டும் கோவில் வாசலில் நின்று, "தம்ளரு போகட்டும். கண்காட்சி முடிஞ்சு மழ வரட்டும். பீலி சொல்லும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திறப்பு நாள் காலையில் மைதானம் பார்க்க லட்சணமாக இருந்தது. துணிப் பதாகைகள் காற்றில் படபடத்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்டாக்களில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. தம்ளர்ப் பெட்டிகளை ஏற்றி வந்த லொறிக்காரர் இம்தியாஸ், ஹட்டன் கடைத்தெருவில் பிரியந்திக்குப் பல வருஷப் பழக்கம். அவருக்குத்தான் முதல் தேத்தண்ணி. ஒரு மடக்குக் குடித்தவர் தம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, தேத்தண்ணியில உங்க கோவில் வாசம் அடிக்குதே?"

பிரியந்தி வாங்கி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. உதவிக்கு வந்த பெண்கள் வரிசையாக முகர்ந்தார்கள். "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். நிரஞ்சன் ஒரு வாய் குடித்தான், அவன் முகம் மாறியது.

"அக்கா, சூடம்! தேயில வாங்க வர்றவங்க மூக்க வச்சுத்தான் பொழைக்கிறாங்க. ஒரு வாயிலயே துப்பிருவாங்க."

பெட்டியின் அடியில் துழாவினால், வெள்ளைத் துணியில் முடிந்த சூடக் கட்டி. எல்லாப் பெட்டியிலும் இருந்தது. ஆண்டியப்பன் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"பூச்சி அண்டாம இருக்க எப்பவும் போடுறதுதாம்மா. நல்ல காரியத்துக்குப் போவுதேன்னு நேத்து புதுசா வேற ரெண்டு கட்டி..."

கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்த தம்ளர்களை மறுபடி அதே பெட்டியில் அடுக்கியது பிரியந்திதான். அடுக்கும்போது சூடம் மணக்காமலா இருந்திருக்கும்? மணந்தது. பிறந்ததிலிருந்து அன்னதானத்தில் குடித்த மோரும் பானகமும் அந்த வாசத்தோடுதான் இருந்தன. தம்ளர் என்றால் அப்படித்தான் மணக்கும் என்று அவள் மூக்கு முடிவு கட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

நிரஞ்சன் கைப்பேசியை எடுத்தான். காகிதக் கோப்பை லொறி மைதானத்து வாசலிலேயே நின்றது. பிரியந்தியின் கண்ணுக்குத் தெரிந்தது அந்த லொறி இல்லை, வீரம்மாவின் குடம்.

"தப்பு தலைவரோடது இல்ல. பெட்டியப் பாக்காம அடுக்குனது நானு," என்றாள். "வாங்குறவங்க பஸ்ஸு எங்க வருது?"

"நானுஓயா தாண்டிட்டாங்களாம்."

"அப்ப நேரம் இருக்கு. ஃபோனக் கீழ வையுங்க."

தட்டில் வைத்த சூடம் தானாகக் கரைந்து காற்றோடு போவதை அவள் தினமும் பார்க்கிறாள். பச்சைத் தண்ணீருக்கு அது அசையாது, சூட்டுக்கு நிற்காது. "ஒலையில அரிசி போடாதீங்க!" என்று சமையல்காரர்களைப் பார்த்துக் கத்தினாள். முதல் பெட்டித் தம்ளர் அத்தனையும் கொதிக்கிற அண்டாவுக்குள் போயிற்று. வேகவைத்து, கரண்டியால் அள்ளி, மேட்டுக் காற்றில் படங்கை விரித்துக் கொட்டினார்கள். ஆண்டியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகு தள்ளினார். புகையில் கண் கலங்கியதா, வேறு எதிலாவது கலங்கியதா என்று யாரும் கேட்கவில்லை.

வாசம் போயிற்றா என்று பார்க்க ஆள் வேண்டுமே. பிரியந்தி ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் நடுவில் போட்டாள்.

"இம்தியாஸ் நானா, ஒக்காருங்க. எங்க மூக்கு இதுக்கு ஒதவாது. நீங்கதான் மோந்து பாத்துச் சொல்லணும்."

இம்தியாஸ் நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். முகர்ந்தார், தலையாட்டினார், ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். "இது இன்னும் பூச முடிக்கல," என்றார். அந்தப் பதற்றத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். திருப்பியது மறுபடி கொதித்தது.

பஸ் வந்து நின்றபோது கடைகளுக்குத் தேவையான தம்ளர்கள் தயாராக இருந்தன. மிச்சம் வெந்துகொண்டிருந்தது. முதலில் இறங்கிய வெளிநாட்டுக்காரர் தேத்தண்ணியை உறிஞ்சி, வாயில் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டார். பிரியந்தி கூடாரக் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தம்ளரை நீட்டினார். நிரஞ்சன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

மூன்றாம் நாள் மாலை, காகிதக் கோப்பை லொறி வந்தபடியே கட்டுப் பிரிக்காமல் கொழும்புக்குத் திரும்பியது. வடித்த தேயிலைச் சக்கை லயத்து மரக்கறித் தோட்டங்களுக்குப் போயிற்று. பலகைகள் கழன்றன, துணிகள் மடிந்தன. பிரியந்தி ஓடை முழுக்க ஒருமுறை நடந்து பார்த்தாள். நீலக் கயிறு ஒன்று கிடைத்தது. அதையும் விடாமல் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்யாமல், இரவெல்லாம் ஒரே ஊற்றாக ஊற்றியது. விடிந்ததும் பிரியந்தி குடத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் நிற்கிற நேரத்திலேயே பீலிக்குப் போனாள். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனாள். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி யாரும் தண்ணீர் பிடிக்காமல் பீலியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் செம்மண் கலங்கி வந்தது. பிறகு சுள்ளி, சருகு, தேயிலை இலை. பிறகு வெறும் தண்ணீர். நின்று நின்று பார்த்தார்கள், தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது.

வரிசையில் முதலில் நின்ற வீரம்மா தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். பின்னால் வந்து பிரியந்தியின் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பீலிக்குக் கீழே வைத்தாள்.

"தம்ளர்ல கோவில் வாசமே போயிருச்சுன்னு ஆண்டியப்பன் பொலம்பிக்கிட்டுத் திரியிறாரு," என்றாள், முகத்தைத் திருப்பாமல். "திருநாளுக்குள்ள ரெண்டு கட்டிச் சூடம் போட்டு வையி. அடுத்த வருசம் கண்காட்சிக்கு மறுபடி அவிச்சுக்கலாம். நானும் வந்து அள்ளிப் போடுறேன்."

குடம் நிறைந்து வழியத் தொடங்கியது. வீரம்மாவே அதைத் தூக்கிப் பிரியந்தியின் இடுப்பில் வைத்துவிட்டாள்.