கடைசி நிரையின் பதில்

ஓபராவில் என் இடம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான். மெசோ சொப்ரானோ என்றால் பெண் குரலில் கொஞ்சம் தாழ்ந்த குரல். உச்சத்தில் பாடுகிறவர்களுக்குக் காதலும் கல்யாணமும் கிடைக்கும். எங்களுக்குச் சூனியக்காரி, வேலைக்காரி, நாயகியின் அம்மா, மீசை முளைக்காத இளவரசன். எனக்கு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: செத்தவர்களின் குரல். கல்லறையிலிருந்தோ காட்டுக்குள்ளிருந்தோ யாராவது பாட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "உன் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரிவதில்லை" என்று ஜெர்மனியில் எங்கள் இசைக்குழுத் தலைவர் ஒருமுறை பாராட்டினார். எனக்குத் தெரியும். அது இலங்கையில் அக்கரப்பத்தனைத் தேயிலை மலையிலிருந்து வருகிறது.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அந்தக் குரலை யாரும் பாராட்டியதில்லை. பத்து வயதிலேயே பெரிய மனுஷி மாதிரி அடித்தொண்டையில் பேசுவேன். "பொட்டப்புள்ளைக்கு இப்புடி ஒரு தொண்டையா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் அம்மாவோடு மலைக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் பன்னிரண்டு பேர். எங்கள் தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மூட்டத்துக்குள் பெயரைச் சொன்னால் அது கேட்டு வைத்துக்கொள்ளுமாம், பிறகொரு நாள் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுமாம். அது என்றால் எது என்று கேட்டால் முதுகில் ஒன்று விழும். அதனால் இறங்கும் நேரம் வேலையை மேற்பார்க்கும் கங்காணி பாறைமேல் நின்று "ஓ" என்று சத்தம் கொடுப்பார். தேயிலைச் செடிகளின் மேல் நிரையிலிருந்து கீழ் நிரை வரை, நிரைக்கு ஒருத்தியாக, "ஓ" என்று பதில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வந்தால் இறங்கலாம். குறைந்தால் தேட வேண்டும்.

அன்று மூன்று மணிக்கே மூட்டம் வந்துவிட்டது. நான் அம்மாவை விட்டுத் தள்ளி, மலையின் கீழ்க்கோடியில் சாக்குகள் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. கங்காணி சத்தம் கொடுத்தார். குரல்கள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி இறங்கி வந்தன. ஆள் யாருமில்லை, வெறும் குரல்கள். ஒன்பதாவது அம்மா. பத்து. பதினொன்று. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததை என்னால் தாங்க முடியவில்லை. குளிர், பசி, வீட்டுக்குப் போக வேண்டும். கொஞ்சம் விளையாட்டும்தான், பொய் சொல்வானேன். அடித்தொண்டையிலிருந்து "ஓ" என்றேன்.

"சரி, எறங்குங்க" என்றார் கங்காணி.

கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. கடைசி நிரைக்காரி, எங்கள் லயத்தில் மூன்றாம் வீட்டு அத்தை. "இப்பத்தான கொரல் குடுத்தா, பின்னால வந்துக்கிட்டு இருப்பா" என்றார்கள். பதில் கொடுத்தவள் வழியில்தான் எங்கேயாவது சறுக்கியிருப்பாள் என்று பொழுது சாய்ந்தபின் வழியெல்லாம் தேடினார்கள். மறுநாள் காலையில் நிரைக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் கிடைத்தாள். விழுந்த பிறகும் வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது என்று தோட்டத்து மருந்துக்காரர் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் அதிகம் பேசவே இல்லை. ஹட்டனில் பள்ளிக்கூடப் பாடற்குழுவில் ஒரு கன்னியாஸ்திரி என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு இந்தத் தொண்டை தெய்வம் தந்தது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஐரோப்பா.

போன வருடம் ஒரு நாடகத்தில் செத்துப்போன தாயாக, மகளைக் கூப்பிட்டுப் பாட வேண்டும். மேடைக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டு, சின்னத் திரையில் தலைவரின் கையைப் பார்த்து, தாளத்தை எண்ணிப் பாட்டை எடுக்க வேண்டும். இருபது வருடம் எண்ணிய எனக்கு அன்று எண்ணிக்கை தவறிவிட்டது. வாய் மூடியே இருந்தது. ஆனால் பாட்டு கேட்டது. தாழ்ந்த பெண் குரல், ஒரு சுரம் பிசகவில்லை. மேடையில் மகளாக நடித்தவள் வழக்கம்போல் திரும்பி அழுதாள். என் பக்கத்தில் நின்ற மேடை உதவியாளர் என் வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"இன்றைக்குப் பாடியதுபோல் நீ என்றும் பாடியதில்லை" என்றார் தலைவர். அவளுக்குப் பதிலாக நான் சொன்னேன், எனக்குப் பதிலாக அவள் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பைத்தியம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே விடுப்புக் கேட்டு ஊருக்கு வந்துவிட்டேன், சொல்லித் தொலைத்துவிடுவது என்று.

அத்தையின் மகள் அதே லயத்தில் இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள்.

"வாங்கக்கா. வெளிநாட்டுல பெரிய பாட்டுக்காரியாமே. தொண்ட மட்டும் மாறவே இல்ல" என்று சிரித்தாள். பால் சேர்க்காத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சுவரில் அத்தையின் படம். நான் வாயெடுக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நான் கீழ ரோட்டுல நின்னேங்க்கா. மலையிலருந்து கடைசியா வந்த சத்தம் எங்கம்மாது. இந்தா வந்துட்டேன்டீன்னு எனக்குச் சொன்ன மாதிரியே இருந்துச்சு. எம்புட்டுக் கஷ்டம் வந்தாலும் அத நெனச்சுக்கிட்டா போதும், தூங்கிருவேன்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். மூட வேண்டிய நேரத்தில் நான் என்றைக்கு மூடினேன்? சொல்லிவிட்டேன். சாக்கு, குளிர், விளையாட்டு, எல்லாவற்றையும்.

திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் கோபப்படவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப எங்கம்மா எதுவுமே சொல்லலீங்களாக்கா?" என்று கேட்டாள்.