பழைய பெட்டிக்குப் புது வயிறு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபிஸின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து போன் வந்தபோது அம்மாவின் இடது காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா, ஒங்க வீட்டு பிசி ரொம்ப பழசு லா. புது வெர்ஷன் அதுல ஏறாது. திங்கக்கெழமைக்குள்ள மாத்தலன்னா நம்ம சிஸ்டம் ஒங்கள உள்ள விடாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, முன்ன மாதிரி ராவாங்குக்கு வந்துருங்க. ஒங்க நாக்காலி அப்படியேதான் இருக்கு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு விநாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, ராவாங் தொழிற்சாலையின் ஏற்றுமதி வேலையை வீட்டிலிருந்தே செய்ய மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அசாம் ஜாவா ஊருக்கு வெளியே, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது லயத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டிக் கொடுத்த தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. மூன்று பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. ஜன்னலைத் திறந்தால் செம்பனை, மூடினால் சுவர். ஆபிஸில் யார் யாரோடு பேசுவதில்லை, கேண்டீனில் இன்று மீனா கோழியா, எதுவும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறந்தவள் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் அம்மாவின் கால் என் மடியில் இருந்தது. நான் பிடிக்காமல் அந்தக் கால் கட்டிலைவிட்டு இறங்காது. நான் ராவாங் போனால் அவளுக்குச் சோறு யார் போடுவது, கக்கூசுக்கு யார் கூட்டிப்போவது? சந்தோஷம் வந்த வழியே திரும்பிப் போனது.

"யாரு போன்ல?" என்றாள் அம்மா.

"ஆபிஸ்ல. பெட்டி பழசாப் போச்சாம். மாத்தலன்னா என்னைய ராவாங்குக்கு வரச் சொல்றாங்க."

அம்மா சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் மாத்திரு. மொதல்ல மாத்திரு," என்றாள்.

பெட்டி என்று நாங்கள் சொல்வது கம்ப்யூட்டரை. என் தம்பி கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அதை எனக்கு விட்டுவிட்டுப் போனான், அம்மாவையும்தான். காலையில் அதை முடுக்கிவிட்டுத் தேத்தண்ணி கலக்கிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கும். மத்தியானத்துக்கு மேல் அதன் விசிறி, பாரம் ஏற்றிய லோரி மேடு ஏறுவது போல முனகும். புதியது வாங்கும் நிலையில் நான் இல்லை. உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோல சிலாங்கூர் டவுனுக்குப் போனேன். கடைக்காரர் சீனர். நான் போனில் எடுத்துப் போயிருந்த படங்களைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: பெட்டி இருக்கட்டும், திரை இருக்கட்டும், கரண்டு தரும் பவர் சப்ளையும் இருக்கட்டும். மதர்போர்டு, பிராசசர், ரேம், ஹார்ட் டிஸ்க் நான்கும் வெளியே போக வேண்டும். பெட்டியைக் கொண்டுவந்தால் புதன்கிழமை தருவதாகவும் சொன்னார்.

"திங்கட்கிழமை எனக்கு வேலை," என்றேன்.

"நீயே மாட்டுவாயா?"

"மாட்டுவேன்," என்றேன். போனில் வீடியோ பார்த்த தைரியம்தான். அவரிடமிருந்த செகண்ட் ஹேண்ட் போர்டையும் அதற்குப் பொருந்தும் மற்ற சாமான்களையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பறந்து வந்தேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கையில் கோப்பையோடு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கம்மாவுக்கு நான் எதுக்கு தொண? நாந்தான் அவங்களுக்குப் பாரமா ஒக்காந்திருக்கேன். இந்தத் தேத்தண்ணிகூட..." என்று ஆரம்பித்தார்.

"டிவி சத்தத்தக் கூட்டு, ஒண்ணும் கேக்கல!" என்று அம்மா கத்தினாள். எனக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. பையைப் பிரிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறியதும் பெட்டியை மேசையில் படுக்கவைத்துப் பக்கத் தகரத்தைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். ஆயுத பூஜைக்கு அவர் லோரிக்குச் செய்த மரியாதை எல்லாவற்றையும், அவர் போன பிறகு அம்மா கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டாள். சாம்பிராணி, சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. நசுக்க டயர் இல்லாததால் ஒரு தடவை எலுமிச்சம்பழத்தை என் நாற்காலிச் சக்கரத்தின் அடியில் வைத்து என்னை உட்காரச் சொன்னாள். கடைசியில் ஒரு பிடி திருநீறு எடுத்துப் பெட்டியின் தலையில் இருக்கும் ஓட்டைகள் மேல் போடுவாள். அது சூடு வெளியேறும் ஓட்டை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அத்தனை வருஷத்துத் திருநீறும் சாம்பிராணிக் கரியும் தூசியோடு சேர்ந்து விசிறியை அடைத்துக்கொண்டு கிடந்தன.

"அம்மா! இதுக்குள்ள ஒரு சுடுகாடே இருக்கு!"

"வாயக் கழுவு," என்று ஹாலிலிருந்து பதில் வந்தது. "அந்தத் துன்னூறு இருந்ததாலதான் இத்தன வருசம் ஓடுச்சு."

துணியைப் போட்டுத் துடைத்துப் பார்த்தேன், வரவில்லை. பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். பழைய போர்டைக் கழற்றினேன். புதியதை வைத்தேன். சின்னச் சின்ன ஒயர்கள், எறும்புக் கால் அளவுக்கு ஊசிகள், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார வேண்டுமாம். எனக்கோ பொறுமை கிடையாது. ஒரு திருகாணி கை நழுவிக் கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் ஓடியது. "சனியனே!" என்று தரையை ஓங்கி அடித்தேன். எரிச்சல் திருகாணி மேல் இல்லை. இந்தப் பெட்டி ஓடினால் நான் இங்கேயேதான். இன்னும் ஒரு வருஷமோ, ஐந்து வருஷமோ. ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கும்போது என்னையே இந்த வீட்டோடு சேர்த்து முறுக்குவதாகத் தோன்றியது. ஓடாவிட்டாலோ அம்மாவின் கதி என்ன? துடைப்பக் குச்சியால் அலமாரிக்கு அடியிலிருந்து திருகாணியை இழுத்து எடுத்தேன்.

பக்கத் தகரத்தை மட்டும் திறந்துவைத்து, மற்ற எல்லாம் மாட்டி முடித்துக் கரண்டு ஒயரைக் கையில் எடுத்தேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள் போலிருக்கிறது, ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இப்ப போடாத! ராகு காலம் ஆரம்பிச்சிருச்சி. ஆறு மணிக்கு மேல போடு."

"கம்ப்யூட்டருக்கு என்னம்மா ராகு காலம்?"

"எல்லாத்துக்கும் உண்டு. நல்ல காரியத்த ராகு காலத்துல தொடங்கி வெளங்காமப் போனவங்க எத்தன பேரு!"

சண்டை போடத் தெம்பில்லை. ஒயரைக் கீழே போட்டுவிட்டு, அம்மா டிவி முன் நாற்காலியில் இருக்கிறாளா, அவளுடைய நான்கு கால் வாக்கர் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்பக்கம் போய்த் துணி துவைத்துக் குளித்தேன். தலை துவட்டியபடி திரும்பி வந்தபோது ஆறு அடித்திருந்தது. நேராக அறைக்குப் போய் ஒயரைச் சொருகக் குனிந்தேன்.

போர்டு முழுக்க மஞ்சள் புள்ளிகள். ஈரம் மின்னியது. பிராசசர் மேலிருந்த புது விசிறியிலிருந்து ஒரு சொட்டு உருண்டு கீழே இறங்கியது. மேசை ஓரத்தில் செம்பில் மஞ்சள் தண்ணீரும் அதில் ஒரு கொத்து மாவிலையும் இருந்தன.

"ஐயையோ! அம்மா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? கரண்டு சாமான்ல யாராச்சும் தண்ணி தெளிப்பாங்களா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"புதுச் சாமான். சும்மா போடக் கூடாது, தெளிச்சிட்டுதான் போடணும்," என்றாள் அம்மா நாற்காலியிலிருந்து.

அம்மியே பறந்துவிடும் போலக் கத்தினேன். கத்திக்கொண்டே செம்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். வாக்கர் நான் பார்த்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. பாதி வாக்கியத்தில் என் வாய் நின்றது.

மஞ்சள்தூள் சமையல்கட்டில். செம்பு சாமி மேடையில். மாமரம் வாசலில், அதற்கு இரண்டு படி இறங்க வேண்டும். வாக்கரைப் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும், செம்பைப் பிடிக்க முடியாது.

"எப்படி வந்த?" என்றேன்.

அம்மா டிவியைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல? ரூமுக்கு எப்படி வந்த?"

"நடந்துதான் வந்தேன். பறந்தா வருவாங்க?"

"எப்பலேருந்து நடக்குற?"

"தைப்பூசம் முடிஞ்சதுலேருந்து. மொதல்ல செவுத்தப் புடிச்சிகிட்டு. அப்புறம் சும்மாவே."

தைப்பூசம் முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "அப்ப நான் எண்ணெ தேக்கிறது? தோள் குடுத்து கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறது? எல்லாம் நடிப்பா?"

"நான் நடக்குறது தெரிஞ்சா நீ போயிருவ."

"போவேன்தான்! போகாம? நானும் மனுசிதான? எனக்கு நாலு பேரு மொகம் பாக்கணும், வாய் விட்டுச் சிரிக்கணும். இங்க செம்பனையப் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் புடிக்குது. ஒனக்காகத்தான இருந்தேன்? ஒனக்கு முடியலன்னுதான இருந்தேன்?" அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதுவரை வந்ததில்லை.

அம்மா டிவியை அணைத்தாள். "பெட்டி ஓடலன்னா நாளைக்கு நீ கெளம்பிருவ. அதான் ஆத்தாகிட்ட சொல்லி மஞ்சத்தண்ணி தெளிச்சேன்," என்றாள். என்னை வீட்டில் பிடித்துவைக்கத் தெளித்த தண்ணீரே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் சிறுத்துப்போனது.

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு அடுப்படியில விழுந்து கெடந்தேனே. கூப்புடுறதுக்கு வாய் வரல. நீ ராவாங்லேருந்து வர்ற வரைக்கும் சீலிங்கையே பாத்துகிட்டுக் கெடந்தேன். ஒரு பல்லி போச்சு, வந்துச்சு. வேற யாரும் வரல. கால் வந்துருச்சுடி. பயம் போகல."

கோபம் அடங்காமல் அறைக்குப் போய் ரேமைப் பிடுங்கினேன். அம்மாவின் சர்க்கரையைப் பார்க்க வைத்திருந்த ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொரு மஞ்சள் புள்ளியாகத் துடைத்தேன். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தேன். நான் காத்திருந்தேன் என்று சொன்னால் ஆபிஸில் யாரும் நம்ப மாட்டார்கள். அம்மா அறை வாசலில் வந்து நின்றாள், வாக்கர் இல்லாமல்.

ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகு எல்லாவற்றையும் மாட்டி பட்டனை அமுக்கினேன். விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. நான் தேத்தண்ணியை நினைப்பதற்குள் அது எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"பாத்தியா, ஆத்தா கைவிடல," என்றாள் அம்மா. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. புது வெர்ஷனை ஏற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் அங்கிருந்தே என் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடெங்கும் கேட்டது. "அக்கா, பெட்டி பாஸாயிருச்சு! யாரு மாட்டுனது, சூப்பரா இருக்கு. இனிமே ராவாங் வர வேணாம், வீட்லயே ஜாலியா இருங்க லா."

அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"இல்ல," என்றேன். "நாளையிலேருந்து நான் ஆபிஸ் வர்றேன். வாரத்துல மூணு நாள். மேனேஜர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

போனை வைத்தேன். திட்டுவாள், அழுவாள், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அம்மா சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"அந்தக் கேண்டீன் சோத்தத் தின்னு ஒடம்பக் கெடுத்துக்காத. கட்டிக் குடுக்கிறேன். இன்னிக்குச் சமைச்சிப் பாக்குறேன், கை பழகணும்ல," என்றாள். திரும்பி அடுப்படியை நோக்கி நடந்தாள். இடது கால் லேசாக இழுத்தது. சுவரைத் தொடவில்லை.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பிறகு 'டங்' என்று என்னவோ தரையில் விழுந்து சுழன்றது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"மூடிதான்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "எந்திரிச்சி வராத!"

நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நான் மறுபடி உட்கார்ந்தேன்.