ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

சோளம் சுட்டு விற்கும் அந்த அம்மாளுக்குச் சந்தையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: பூதக்கண்ணாடி. மூட்டையில் மேலாகக் கிடக்கும் கதிரை அவள் எடுத்ததே கிடையாது. மேலே இருப்பதெல்லாம் ஆளை ஏமாற்ற அடுக்கியது என்பது அவள் கட்சி. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை உருவி, தோலை விலக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்த பிறகுதான் கூடையில் போடுவாள். "புழு கதிர்ல இல்லம்மா, உன் மனசுலதான் இருக்கு" என்று மொத்த வியாபாரி தலையில் அடித்துக்கொள்வார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்?

சும்மா சொல்லக்கூடாது, சந்தேகப்பட அவளுக்குக் காரணமும் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் நகராட்சி ஆட்கள் வந்து அவள் வீட்டுச் சுவரில் சிவப்பு மையால் ஓர் எண் போட்டார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா" என்றார்கள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற அவள் வீட்டுக்காரர், அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்து அனுப்பினார். அடுத்த மாதமே சாலையை அகலப்படுத்த இயந்திரம் வந்து முன்னறையை இடித்துத் தள்ளிவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டுக் கதவைத் திறந்தால் நேராக அடுப்படிதான். விருந்தாளி வந்தாலும் பாத்திரங்களுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஊரைத் தாண்டிச் சாலை மேடேறித் திரும்புகிற இடத்தில் அவள் கடை. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, கரி அடுப்பு, கம்பி வலை, விசிறி, வலையில் ஒட்டிய கருகலைச் சுரண்ட ஒரு கம்பி பிரஷ். லாரியோ பேருந்தோ, அந்த மேட்டை முக்கி முனகி ஏறி முடித்ததும் ஓட்டுநருக்குக் கொஞ்சம் நிறுத்தலாமே என்று தோன்றும். தோன்றுகிற இடத்தில் இவள் நிற்பாள். கொஞ்சம் தள்ளிப் போனாலும் வண்டிகள் வேகமெடுத்துவிடும். அவள் வீட்டில் உலை கொதிப்பதும், மகள் நர்ஸ் படிப்புக்குப் போய்வருவதும் அந்த ஒரு வண்டி நிற்கிற அளவு மண்ணால்தான்.

அடுத்த இடம் அவளுடைய ஓரகத்திக்கு. கொழுந்தனின் மனைவி, எலுமிச்சை பிழிந்து விற்பவள், சிரிப்புக்காரி. அந்தச் சிரிப்புதான் சோளக்காரிக்கு ஆகாது. காரணமில்லாமல் ஒருத்தி சிரிப்பாளா? "உன் எடத்துல நிழல் நல்லா விழுதுக்கா" என்று அவள் எப்போதோ ஒருமுறை சொன்னது சோளக்காரியின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. வெகுதூரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இந்த வழியாகக் கடற்கரை வரை போகிறார்களாம். அதனால் சனிக்கிழமை மதியம் முதல் சாலையோரத்தில் வண்டி, அடுப்பு, குடை எதுவும் இருக்கக்கூடாதாம். திங்கட்கிழமை வந்து போட்டுக்கொள்ளலாமாம்.

"நல்லா காதுல பூ சுத்துறாங்க. சைக்கிள் போறதுக்கு எவ்வளவு ரோடு வேணும்? காசு வச்சிருக்கிறவன் எதுக்கு வேகாத வெயில்ல மேடு மிதிக்கிறான்? சைக்கிளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்மள கெளப்புறதுக்கு ஒரு சாக்கு" என்றாள் சோளக்காரி.

"ரெண்டு நாளுதானேக்கா" என்றாள் ஓரகத்தி, சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை நகராட்சி ஊழியர் ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஓரக்கல்லில் வெள்ளை எண் போட்டுக்கொண்டே போனார். சோளக்காரிக்கு ஏழு. எதற்கு என்று கேட்டாள். மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா."

போதாதா? அதே வார்த்தை! அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த ஆள் எட்டாம் எண்ணைப் போட்டுவிட்டு ஓரகத்தியின் வண்டியருகே நின்று சாறு குடித்தார். இருவரும் ஏதோ பேசினார்கள். ஓரகத்தி பலமாகத் தலையாட்டினாள், சிரித்தாள், இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அவரிடம் பேசினாள். சோளக்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். என் தலையை உருட்டுகிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

சாயங்காலம் மற்றவர்கள் மூட்டை கட்டும்போது அவள் ஓரக்கல்லின் முன் குந்தி உட்கார்ந்தாள். கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். வலையைத் தேய்க்கிற அதே வேகம். எண் இல்லாத இடத்தை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும், பார்க்கலாம்! பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஏழின் வால் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது. அதையும் விடவில்லை. எழுந்தபோது ஓரகத்தி தன் குடையைச் சுருட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோளக்காரி வெறுங்கையோடு போய் மேட்டின் மேல் ஒரு மரத்தடியில் நின்றாள். சைக்கிள் வராது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, முகம் சிவந்து, முதுகு நனைந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தார்கள். நரைத்த தலை ஒருவர் அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவள் அசைக்கவில்லை. ஆள் பிடித்து ஓட்டவிட்டிருப்பார்கள் என்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தாள். அது அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

திங்கட்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பெயிண்ட் போட்டவர் இல்லை. வேறொரு இளம் அதிகாரி நின்றிருந்தார், கூடவே இரண்டு ஆட்கள், சிமெண்ட், பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி ஒன்று.

"அவங்கவங்க நம்பர்ல நில்லுங்க. நம்பர் இருந்தா எடம் உங்களுது, இனிமே யாரும் கெளப்ப முடியாது. நம்பர் இல்லாதது காலி எடம்" என்றார் அதிகாரி.

ஆறாம் எண்ணில் தொப்பி விற்பவர் நின்றார். எட்டில் ஓரகத்தி. நடுவில், மற்றக் கல்லையெல்லாம்விடச் சுத்தமாகப் பளபளத்துக்கொண்டு ஒரு கல்.

"சார், இங்க ஏழு இருந்துச்சு. அது எங்க அக்கா எடம். நான் பார்த்தேன் சார்" என்றாள் ஓரகத்தி.

"இருந்தா எங்க போச்சு? பெயிண்ட் என்ன காத்துல பறக்குமா? எவனாவது அழிச்சிருந்தா சொல்லுங்க, கேஸ் போடறேன்."

சோளக்காரி வாயைத் திறந்து மூடினாள். ஓரகத்தி அவளை ஒருமுறை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"தொட்டிக்கு எடம் தேடிட்டிருந்தோம். இங்கயே வச்சிடுங்க."

சிமெண்ட் குழைத்தார்கள். அவள் நின்ற மண்ணில், ஓட்டுநர்களின் கண் முதலில் விழுகிற அந்த இடத்தில், குப்பைத்தொட்டியை நட்டார்கள். சோளக்காரி வண்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முன்னறை இடிந்த அன்றைக்கு அவள் கத்திக் கூப்பாடு போட்டவள். இன்றைக்கு யார் மேல் கத்துவது என்று தெரியவில்லை. அழுகை வந்தது.

அதிகாரி போனதும் ஓரகத்தி தன் வண்டியை ஓரமாக இழுத்து எட்டாம் எண்ணில் பாதி இடத்தைக் காலி செய்தாள். "இங்க வந்து அடுப்ப வைக்கா."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கு ஜூஸ் குடிக்கும்போது அவரு சொன்னாரு. எடத்த உறுதி பண்ணத்தான் நம்பர்னு."

"நான் தேய்க்கும்போது பார்த்துக்கிட்டுத்தானே நின்ன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னடி?"

ஓரகத்தி எலுமிச்சைக் கூடையை இறக்கி வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீயே சொல்லுக்கா. அழிக்காத, நல்லதுக்குத்தான்னு நான் வந்து சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

சோளக்காரி யோசித்தாள்.

"இன்னும் அழுத்தித் தேய்ச்சிருப்பேன்" என்றாள்.