கடலில் விழுந்த தோட்டாக்கள்

என் கணவர் போர்ட் பிளேருக்கு வடக்கே திக்லிபூரில் காட்டிலாகா ரேஞ்சராக இருந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பேர் குடியிருந்தோம்: அவர், நான், சர்க்கார் கொடுத்த ரிவால்வர். மூவரில் அதிகம் கவனிக்கப்பட்டது ரிவால்வர்தான். உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும் என்று காலையும் மாலையும் அதற்கு எண்ணெய்க் குளியல். எனக்குத் தீபாவளிக்கு மட்டும்.

அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். மேலே ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதை அழுத்தினால் குழல் மடங்கிக் கீழே சாயும். ஆறு தோட்டாவும் ஒன்றாக எழுந்து எட்டிப் பார்க்கும். அந்த அழகில் மனுஷர் சொக்கிப்போயிருந்தார். அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குழவிக்கல் கனம். விசையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் குறி வேறெங்கோ போய்விடும். எங்கள் மரவள்ளியைத் தோண்டித் தின்ற காட்டுப்பன்றியைச் சுட்டார், தண்ணீர் டிரம் ஓட்டையானது. பன்றி நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போயிற்று. இவர் சுட்ட தோட்டாவின் காலிக்குழாயைக் கணக்குக் காட்டி, பதிலுக்குப் புதுத் தோட்டா வாங்கி வந்தார்.

பக்கத்து வீட்டு சப்-இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவரிடம் இருந்தது பிஸ்டல். தட்டையாக இருக்கும், இடுப்பில் இருப்பதே தெரியாது, படபடவென்று சுடும். அதாவது, சுட்டால். கோழி திருடும் நாயை மிரட்டப் போன அன்று ஒரு குண்டு வானத்துக்குப் போனது. காலிக்குழாய் வெளியே வராமல் பாதியில் மாட்டிக்கொண்டது. அவர் அதைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்ததை நாய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. ரிவால்வரா, பிஸ்டலா என்று தினமும் சாயங்காலம் என் காப்பியைக் குடித்துக்கொண்டு இருவரும் சண்டை போடுவார்கள். சர்க்கரை தீர்ந்ததே தவிர வழக்கு தீரவில்லை.

அப்போது எனக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. பிரசவத்துக்குக் கப்பலேறிப் போர்ட் பிளேர் போக வேண்டும். வரப்போகும் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் வருவதற்குள் வலி வந்துவிடும். என் மனிதர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில். துணைக்கு இவர் ஒருவர்தான். இவருடைய லீவோ, அதே கப்பலில் வரும் மேலதிகாரி ரிவால்வரையும் ஆறு தோட்டாவையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டால்தான்.

டிரங்குப் பெட்டியோடு ஜெட்டியில், அந்தப் பலகைப் படகுத்துறையில், காத்திருந்தோம். வழியனுப்ப வந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, இன்னியோட அந்தக் கிழத்த ஒப்படைச்சிடுவீங்க. நிம்மதி."

"கிழமா? பாருய்யா, ஏக் ஹாத் போதும்!"

ஒரே கையால் தாழ்ப்பாளை அழுத்தி ஓர் உதறு உதறினார். குழல் மடங்கியது. ஆறு தோட்டாவும் ஒன்றாகத் துள்ளிப் பலகையோரம் உருண்டு கடலில் விழுந்தன.

இருவரும் ஓரத்துக்கு ஓடிக் குனிந்து பார்த்தார்கள். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக, "நம்மளுதுல இப்படி ஆவாதுண்ணே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இருவரையும் அடிக்கவும் கை வந்தது.

நல்ல வேளையாக நீர் வற்றும் நேரம். கப்பல் பார்க்க வந்திருந்த வங்காளிக் குடியானவர்களும் மரம் வெட்டும் ராஞ்சிக் கூலிக்காரர்களும் முழங்கால் சேற்றில் இறங்கித் துழாவினார்கள். ஐந்து கிடைத்தன. ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கப்பல் வந்து நங்கூரம் போட்டது. அங்கிருந்து அதிகாரியின் படகும் கரைக்குப் புறப்பட்டுவிட்டது.

"முதலையச் சுட்டேன்னு சொல்லிடுங்கண்ணே. பக்கா" என்று சப்-இன்ஸ்பெக்டர் காதைக் கடித்தார்.

"காலிக்குழாய் எங்கேன்னு கேப்பாரே?"

"எகிறிப் போச்சுன்னு சொல்லுங்க."

"அது உம்ம பிஸ்டல்ல. இதுல சுட்ட பிறகும் உள்ளயே பத்திரமா நிக்கும்!"

அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது. பிடித்துக் கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அதிகாரி எண்ணிப் பார்த்தார். இவர் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். விசாரணை முடியும்வரை லீவு கிடையாது, மனைவி போகட்டும், கப்பலில் இருக்கும் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அதிகாரி முடித்துவிட்டார். கப்பல் ஊதியது.

இவர் ரிவால்வரை அதிகாரியின் கையில் வைத்தார்.

"சாப், ஏக் கோலி கம் ஹை. பீவி பீ ஏக் ஹீ ஹை."

ஒரு தோட்டா குறைகிறது, பெண்டாட்டியும் எனக்கு ஒருத்திதான் என்று தம்முடைய ஓட்டை இந்தியில் சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் படகில் இறங்கினார். பின்னாலிருந்து அதிகாரி கத்தியதை நாங்கள் இருவரும் கேட்காதது போல் இருந்துவிட்டோம்.

படகு நகர்ந்த பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷரைக் கட்டியதற்காக முதன்முதலாகச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

மகள் பிறந்தாள். தண்டனையாக அவரை மரக்கட்டை டிப்போவுக்கு மாற்றினார்கள். அதன்பின் பதவி உயர்வு எத்தனையோ முறை அவரைத் தாண்டிப் போயிற்று. எங்களுக்குள் எவ்வளவோ சண்டை வந்திருக்கிறது; ஒரு சண்டையிலும் அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.